சமயப் பாடவேளை மணி அடிக்கும் முன்: கொழும்பில் சின்னப் பிள்ளைக்குச் சமயம் சொல்லிக்கொடுப்பதா, விடுவதா?

தரம் 1 இல் சேர்ந்து சில நாட்களுக்குள் சமயப் பாடவேளைக்கான மணி அடிக்கும். வகுப்பில் ஒரு பகுதியினர் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போவார்கள். பக்கத்தில் இருந்து பிஸ்கட்டைப் பாதியாக உடைத்துத் தந்த சிநேகிதி "எனக்குக் கத்தோலிக்கம்" என்று எழும்பிப் போக, உங்கள் பிள்ளை "சைவநெறி" என்று இருந்த இடத்திலேயே இருக்கும். கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் இப்படிப் பிரியும் வகுப்புகள் சாதாரணம். வீட்டில் ஒன்றும் சொல்லாமல் அனுப்பினால், சமயம் பற்றிப் பிள்ளை படிக்கும் முதற் பாடம் அந்தப் பிரிவாகத்தான் இருக்கும்.

"வளர்ந்த பிறகு தானே தெரிவுசெய்யட்டும்" என்று நினைக்கும் பெற்றோர் முதலில் இந்த ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரசாங்கப் பாடத்திட்டத்தில் தரம் 1 முதல் சாதாரண தரம் வரை சமயம் கட்டாயப் பாடம். தமிழ் மொழி மூலத்தில் சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம் எனப் பிரியும். 'சமயம் இல்லை' என்றொரு பாடம் கிடையாது. தரம் 1 அனுமதிக்கு ஜனவரி 31 இல் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பமோ அதற்கு முந்திய ஆண்டிலேயே போய்விடும். ஆகவே மதம் என்ற கட்டத்தை நீங்கள் நிரப்பும்போது பிள்ளைக்கு நாலு அல்லது ஐந்து வயது. அதற்கு மேல் தள்ளிப்போட இடமில்லை.

சட்டத்தில் இரு பக்கத்துக்கும் இடம் உண்டு. விரும்பிய மதத்தை வைத்திருக்கவும் ஏற்றுக்கொள்ளவும் உள்ள சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை ஒவ்வோர் ஆளுக்கும் தருகிறது. இலங்கை 1991 இல் ஏற்றுறுதி செய்த சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 14ஆம் உறுப்புரை, மதச் சுதந்திரம் பிள்ளைக்கும் உரியது என்கிறது; அதோடு, பிள்ளையின் வளர்ந்துவரும் ஆற்றலுக்கு ஏற்றபடி வழிகாட்டும் உரிமையைப் பெற்றோருக்கு வைக்கிறது. 'வளர்ந்துவரும் ஆற்றல்' என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய சொல். நாலு வயதில் சரியாக இருப்பது பன்னிரண்டு வயதில் பிழையாகிவிடும்.

கொழும்பில் தமிழ்ப் பெற்றோர் பெரும்பாலும் நாலு வழிகளில் ஒன்றில் போகிறார்கள்.

ஒன்றும் சொல்லாமல் விடுவது

நேர்மையான வழி போலத் தெரியும். ஆனால் நீங்கள் விட்ட இடத்தைப் பாடசாலை வான், அம்மம்மா, பக்கத்து வீட்டு அக்கா, யூடியூப் எல்லாம் நிரப்பும். பிள்ளையின் மூளையும் சும்மா இராது. உளவியலாளர் டெபோரா கெலமன் 1999 இல் வெளியிட்ட ஆய்வில், பாறை ஏன் கூராக இருக்கிறது என்று கேட்டபோது, 'மிருகங்கள் உடம்பைச் சொறிந்துகொள்ள' என்ற மாதிரியான விளக்கங்களை ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் விரும்பித் தெரிவுசெய்தார்கள். எல்லாம் ஏதோ ஒன்றுக்காகவே இருக்கிறது என்று அந்த வயது நம்பும். கேட்க ஆளில்லாவிட்டால் தானே ஒரு விளக்கத்தைக் கட்டிக்கொள்ளும்.

தாயும் தகப்பனும் இருவரும் நம்பிக்கை இல்லாதவர்களாக இருந்து, பிள்ளையும் சமயத்தைக் கட்டாயமாக்காத சர்வதேசப் பாடசாலைக்குப் போனால் இந்த வழி ஓரளவு நடக்கும். அப்போதும் முற்றாகப் பேசாமல் இருக்கக்கூடாது. "நாங்கள் கும்பிடுவதில்லை. அம்மம்மா கும்பிடுவா. கோயிலுக்குள் போகும்போது செருப்பைக் கழற்ற வேண்டும், பள்ளிவாசலில் சத்தம் போடக்கூடாது" என்ற அளவாவது வேண்டும். அரசாங்கப் பாடசாலைக்குப் போகிற பிள்ளை என்றால், சைவநெறிப் புத்தகத்தைச் சரித்திரப் புத்தகம் போல வைத்துப் படிப்பியுங்கள். ரீச்சர் சொன்னதை இரவில் கேலிசெய்தால், ஆறு வயதுப் பிள்ளை ரீச்சரையும் அப்பாவையும் ஒரே நேரத்தில் நம்ப வழியில்லாமல் நடுவில் மாட்டுப்படும்.

எல்லாச் சமயத்தையும் சமமாகக் காட்டுவது

இதற்குக் கொழும்பைப் போல வசதியான ஊர் இல்லை. வெசாக் வந்தால் வெளிச்சக்கூடும் இலவசச் சாப்பாடு கொடுக்கும் தன்சலும், நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டுக் கஞ்சி, மார்கழியில் பாலன் குடில், ஆடியில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும் வேல். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி கொளுத்த நிற்பவர்களில் திருநீறு பூசிய நெற்றிகளும் உண்டு.

குறை, வயதில் இருக்கிறது. ஒப்பிடுவதற்கு, கையில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பார்க்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை ஒப்பிடுவது வேறு மாதிரி: "பிள்ளையாரா யேசுவா கூடப் பலசாலி?" வீட்டில் தனக்கென்று ஒரு விளக்கும் ஒரு பாட்டும் இல்லாத பிள்ளைக்கு நாலு இடமும் நாலு கண்காட்சியாகத்தான் தெரியும்.

இன்னொரு பொறி, "எல்லாச் சாமியும் ஒன்றுதான்" என்ற வசனம். சைவ வீடுகளில் இது தாராளமாக வாயில் வரும், சமாதானமாகவும் கேட்கும். பிள்ளை அதை வகுப்பில் போய்ச் சொல்லும். முஸ்லிம் சிநேகிதனின் வீட்டிலும் கிறிஸ்தவச் சிநேகிதியின் வீட்டிலும் அப்படிச் சொல்லிக்கொடுப்பதில்லை. இடைவேளையில் சண்டை வரும். "அவர்கள் இப்படிக் கும்பிடுவார்கள், நாங்கள் இப்படிக் கும்பிடுவோம்" என்பது உண்மை, யாருக்கும் நோகாது.

ஆகவே இதைத் தனி வழியாக எடுக்காமல், ஏழு வயதுக்குப் பிறகு மேலே சேர்க்கும் இரண்டாவது அடுக்காக வையுங்கள். தவணைக்கு ஓர் இடம் போதும். அந்தச் சமயத்தவர் ஒருவரே கூட்டிக்கொண்டு போவது நல்லது. உங்கள் விளக்கத்தை விட அயல்வீட்டு ஆன்ரியின் விளக்கம் சரியாக இருக்கும்.

அறநெறிப் பாடசாலையிடம் ஒப்படைப்பது

கூடுதலான குடும்பங்கள் எடுக்கும் வழி இதுதான். சைவப் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பு: கோயில்களிலும், வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷனிலும் நடக்கிறது. இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களம் பதிவுசெய்த அறநெறிப் பாடசாலைகளுக்குப் பாடநூல்களை இலவசமாகத் தருகிறது. 1902 இல் தொடங்கிய கொழும்பு விவேகானந்த சபை சைவ சமயப் பரீட்சைகளை நடத்திவருகிறது. கத்தோலிக்கருக்கு ஞாயிறு பூசையோடு ஒட்டிய மறைக்கல்வி, முதல் நன்மை ஆயத்தம். முஸ்லிம் பிள்ளைகளுக்குக் குர்ஆன் மத்ரஸாவும் அஹதிய்யா என்ற ஞாயிறு வகுப்பும்.

இதில் கிடைக்கும் பெரிய இலாபம், ஒரே பாட்டைப் பாடும் இருபது பிள்ளைகள். வீட்டில் எவ்வளவு முயன்றாலும் அது வராது. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் தனியாக வளரும் பிள்ளைக்கு அது சின்ன விஷயமல்ல.

எங்கே பிழைக்கிறது என்றால்: படிப்பிப்பவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள். நல்ல மனம் உண்டு, சின்ன வகுப்புப் பயிற்சி எல்லாருக்கும் இராது. ஐந்து வயதும் பதினொரு வயதும் ஒரே பாயில் இருக்கும். போட்டிக் காலம் வந்தால் மனனம்தான் பாடம். 95 அடிச் சிவபுராணத்தை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் ஏழு வயதுப் பிள்ளையிடம் 'தாள் வாழ்க' என்பதில் 'தாள்' எது என்று கேட்டுப் பாருங்கள். கொப்பித் தாளைக் காட்டும். பிறகு தரம் 4 வந்ததும் புலமைப்பரிசில் ரியூசன் ஞாயிறு காலையைப் பிடித்துக்கொள்ளும். கேள்வி கேட்கத் தொடங்கும் வயதில்தான் பிள்ளை வகுப்பை விட்டு நிற்கிறது.

சேர்க்கும் முன் ஒரு ஞாயிறு பின்னால் இருந்து பாருங்கள். பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் ஆசிரியர் என்ன செய்கிறார்? பிரம்பு மேசையில் இருக்கிறதா? வயதுப்படி பிரித்திருக்கிறார்களா? எந்தப் பிள்ளையும் ஒரு பெரியவரோடு தனியாக மூடிய அறையில் விடப்படாமல் இருக்கிறதா, மலசலகூடத்துக்கு யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுவார்கள், 'கோயிலில் போய் இப்படிக் கேட்பதா' என்று. கோயில், தேவாலயம், மத்ரஸா எதுவானாலும் கேட்கத்தான் வேண்டும். கேட்டதற்காக முகம் சுளிக்கும் இடம் வேண்டாம்.

வீட்டில் தொடங்குவது

எங்கள் தீர்ப்பு இதன் பக்கம்: முதலில் வீடு, பிறகு அறநெறி, அதன் மேல் அயலவர் சமயம். ஆனால் வீட்டில் எதைச் சொல்லிக்கொடுப்பது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஐந்து வயதுக்குக் கொள்கை ஏறாது. கையும் காதும் மூக்கும் தான் படிக்கும். விளக்குத் திரியை எண்ணெயில் நனைப்பது, பூவை நீரில் அலசுவது, சாம்பிராணி மணம், ஒரு மெட்டு. நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். பத்து நிமிடமானால் பிள்ளை நெளியும், நீங்கள் அதட்டுவீர்கள், அன்றோடு சாமியறை தண்டனை அறையாகிவிடும்.

பாட்டை எடுங்கள். நாலு வயதுக்கு நாலடிக்கு மேல் வேண்டாம். அப்பரின் தேவாரத்தில் இது பொருத்தமானது:

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே.

முதல் வாரம் நீங்கள் மட்டும் பாடுங்கள்; பிள்ளை கேட்கட்டும், விளையாடிக்கொண்டு கேட்டாலும் சரி. இரண்டாம் வாரம் கடைசி அடியை மட்டும் சேர்ந்து பாடச் சொல்லுங்கள். மூன்றாம் வாரம் கடைசி இரண்டு அடி. இப்படிப் பின்னாலிருந்து கட்டினால், பிள்ளை எப்போதும் தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்குப் போகும். பாட்டு நடுவில் அறுந்து வெட்கப்பட வேண்டியிராது. ஐந்து வாரத்தில் முழுப்பாட்டும் வந்துவிடும். பொருளை அகராதியில் காட்டாதீர்கள். பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனால் மாலை மதியமும் வீசு தென்றலும் அங்கேயே இருக்கின்றன. பொய்கைக்கு விகாரமகாதேவிப் பூங்காத் தடாகம் சரிவரும். பேரை வாவியைக் காட்டினால் மணத்தில் பாட்டே கெட்டுவிடும்.

ஆங்கில மொழி மூலப் பிள்ளைக்குத் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுக்கும் பழக்கம் கொழும்பில் பரவலாக உண்டு. அப்படிப் படித்தால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகி, 'நீழல்' 'நீலல்' ஆகும். ஒலியைக் காதால் கொடுத்த பிறகு எழுத்துக்குப் போங்கள். விஜயதசமியில் ஏடு தொடக்கிய பிள்ளைக்கு, அரிசியில் எழுதிய அந்த 'அ' வைத் தொடர்ந்து படிப்பிப்பதும் இதே வேலைதான்.

கதைகளில் கூடுதல் கவனம் வேண்டும். எல்லாச் சமயத்திலும் பிள்ளைக்கு ஆபத்து வரும் கதைகள் உண்டு, பெரியவர்களுக்கு அது உறைப்பதில்லை. பிள்ளையாருக்கு யானைத்தலை வந்த கதையை மூன்று வயதில் சொன்னால், பிள்ளைக்கு விளங்குவது 'அப்பா தலையை வெட்டினார்' என்பதுதான். மாம்பழக் கதையிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான பிள்ளைகள் முருகன் பக்கம் நின்று "உண்மையாகச் சுற்றினது அவர்தானே" என்பார்கள். திருத்தப் போகாதீர்கள், நல்ல கேள்வி. கண்ணப்பர் கண்ணைத் தோண்டியது எட்டு வயதுக்குப் பிறகு. அடியாருக்காகத் தன் பிள்ளையையே அறுத்துச் சமைத்த சிறுத்தொண்டர் கதையைப் பன்னிரண்டு வயது வரை தொடவே வேண்டாம். ஆபிரகாம் மகனைப் பலியிடப் போனது கிறிஸ்தவ வீட்டிலும், இப்ராஹீம் நபியின் கதை முஸ்லிம் வீட்டிலும் இதே கவனத்துக்குரியவை; சொல்லத்தான் வேண்டுமென்றால் ஆடு வந்த முடிவை முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சூரன்போருக்குச் சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் மேளம் அடிக்கும் பக்கம் நிற்காமல் தூரத்தில் நில்லுங்கள். சூரன் கடைசியில் மயிலும் சேவலுமாகி முருகனோடேயே இருக்கிறான் என்பதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போனால் தலை விழும்போது அழாது.

அப்பர் 'மாசில் வீணையும்' பாட்டை நீற்றறைக்குள் (சுண்ணாம்புக் காளவாய்க்குள்) இருந்து பாடினார் என்பதை எட்டு வயதில் சொல்லுங்கள். நாலு வயதில் கடற்கரைக் காற்றாக இருந்த பாட்டு, அன்றைக்கு வேறு பாட்டாகிவிடும்.

வீட்டில் நடக்கும் பெரிய பிழை, பயம். "சாமி கண்ணைக் குத்தும்" என்பது சும்மா வாய்ப்பேச்சு என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். ஜஸ்டின் பாரெட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் 2001 இல் வெளியிட்ட ஆய்வில், பிஸ்கட் பெட்டிக்குள் வேறு ஏதோ இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, 'உள்ளே என்ன இருக்கிறதென்று அம்மா நினைப்பார்?' என்று கேட்டார்கள். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் 'அம்மா பிஸ்கட் என்று பிழையாக நினைப்பார், கடவுளுக்கு உண்மை தெரியும்' என்றார்கள். அந்த வயதுக்குக் கடவுள் எல்லாம் அறிவார் என்பது உவமை அல்ல, நேரடி உண்மை. அதன் மேல் 'பார்த்துக்கொண்டு இருக்கிறார், குத்துவார்' என்று சேர்த்தால், பிள்ளை குளியலறைக்குத் தனியாகப் போகப் பயப்படுவதில் ஆச்சரியம் என்ன?

அடுத்தது பேரம். "கும்பிட்டால் புலமைப்பரிசில் பாஸ்." வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த அன்று, பிள்ளை தன்னையோ சாமியையோ குற்றவாளியாக்கும். மூன்றாவது, சாவு வீட்டுப் பேச்சு. "சாமி தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போயிட்டார்" என்றால், அடுத்தது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவாரா என்ற கேள்வி இரவில் வரும். முதலில் "தாத்தாவின் உடம்பு வேலைசெய்யாமல் நின்றுவிட்டது, இனி நோகாது, திரும்பி வரமாட்டார்" என்று சொல்லுங்கள். சிவபதமோ மோட்சமோ சுவர்க்கமோ அதற்குப் பின்னால்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதல்கள் பற்றியும் கொழும்புப் பிள்ளைகள் ஒருநாள் கேட்பார்கள். கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போனால் கட்டாயம் கேட்பார்கள். செய்தவர்களைச் செய்தவர்களாகவே சொல்லுங்கள். வகுப்பில் பக்கத்தில் இருப்பவன் அவர்களில் ஒருவன் அல்ல என்பதைப் பெயர் சொல்லிச் சேர்த்துவிடுங்கள், பிள்ளை தானாகச் சேர்க்காது.

சமயம் படித்த பிள்ளை நல்ல பிள்ளையாகுமா என்ற விவாதத்துக்கு ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். மதக் குடும்பத்துப் பிள்ளைகள் குறைவாகவே பகிர்கிறார்கள் என்று ஆறு நாடுகளின் பிள்ளைகளை வைத்து 2015 இல் ஒரு கட்டுரை வந்து உலகமெங்கும் செய்தியானது. நாட்டைக் குறிக்கும் இலக்கங்களைக் கணக்கில் பிழையாகக் கையாண்டது தெரியவந்து, 2019 இல் அந்தக் கட்டுரை மீளப்பெறப்பட்டது. முதல் செய்தியைப் பகிர்ந்தவர்களில் இரண்டாவதைக் கேட்டவர்கள் கொஞ்சம்.

அம்மா ஒரு சமயம், அப்பா ஒரு சமயம்

சைவமும் கத்தோலிக்கமும் கலந்த வீடுகள் கொழும்பில் ஏராளம். "இரண்டையும் சொல்லிக்கொடுப்போம்" என்று தொடங்கி, தரம் 1 படிவத்தில் முட்டி நிற்பார்கள். கலப்புத் திருமண அனுமதியின்போது, பிள்ளைகளைத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதெல்லாம் செய்வதாகக் கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1125ஆம் இலக்கம். மற்றத் தரப்பு வாக்குக் கொடுப்பதில்லை. அவருக்கு அது தெரிவிக்கப்பட வேண்டும். 'தெரிவிக்கப்பட்டது' என்பதைச் 'சம்மதித்தது' என்று ஒரு பக்கம் எடுக்கும், மறந்தே போய்விட்டதாக மறு பக்கம் சொல்லும். மரண ஆபத்து இல்லாத நிலையில், திருமுழுக்குக்குப் பெற்றோரில் ஒருவரின் சம்மதமாவது வேண்டும் என்று 868ஆம் இலக்கம் சொல்கிறது. அப்பம்மா தானாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பது ஒழுங்கல்ல. இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பெரிய மனத்தாங்கல் ஒன்று குறையும்.

பிள்ளை பிறக்குமுன் நாலு விஷயத்தை எழுதியே வைத்துக்கொள்ளுங்கள்: திருமுழுக்கு உண்டா, படிவத்தில் எந்தச் சமயம், ஞாயிறு காலை யாருடையது, இரு பக்கப் பாட்டன் பாட்டிமாரின் வீட்டில் பிள்ளை எதைச் செய்யலாம். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மறைக்கல்வியும் அறநெறியும் ஒரே ஞாயிறு காலையில் வரும் என்பது அப்போதுதான் தெரியும். ஒன்றை முதல் வீடாகவும் மற்றதை உறவு வீடாகவும் வைத்தால் பிள்ளைக்குத் தெளிவாக இருக்கும். நடுவில் பாடத்தை மாற்றுவது முடியாததல்ல. விடுபட்ட வருடங்களின் பாடத்தைப் பிள்ளைதான் தனியாக இருந்து படித்து முடிக்க வேண்டும்.

பன்னிரண்டு வயதில் "நான் வரவில்லை"

எந்த வழியில் போனாலும் இந்த நாள் வரலாம். உடனே வாதாடாமல், எது பிடிக்கவில்லை என்று கேளுங்கள். பல நேரம் பதில் நம்பிக்கை பற்றியதாகவே இராது: வேட்டி கட்ட வெட்கம், நீண்ட பூசை, கோயிலில் யாரோ எல்லார் முன்னாலும் அதட்டியது. உண்மையிலேயே நம்பிக்கை இல்லை என்றால், பாடத்தையும் வழிபாட்டையும் பிரித்துவிடுங்கள். சாதாரண தரம் வரை சைவநெறியோ கத்தோலிக்கமோ புள்ளி தரும் பாடம். அதைப் படிக்க நம்ப வேண்டியதில்லை. தாத்தாவின் திவசத்துக்கு வந்து நிற்பது குடும்பக் கடமை, வெள்ளிக்கிழமைக் கோயில் அவன் விருப்பம். இந்த ஏற்பாட்டை அம்மம்மாவுக்குச் சொல்லும் வேலை பெற்றோருடையது. பிள்ளையின் தலையில் கட்டக்கூடாது.